ஒரே பெயரில் பல புயல்கள்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 நவம்பர் இறுதியில் மலாக்கா நீரிணையிலேயே சென்யார் புயல் உருவானதிலிருந்து, பிறை, பட்டர்வொர்த், ஜார்ஜ் டவுன் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் புயல் பற்றிய பேச்சு கூடிவிட்டது. குழப்பமும் கூடியிருக்கிறது. ஊரிலிருந்து உறவினர் சொல்லும் பெயர் ஒன்று, இங்குள்ள செய்தியில் வரும் பெயர் இன்னொன்று. போதாக்குறைக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) வரும் பழைய காணொளியிலும் அதே பெயர் ஒட்டியிருக்கிறது. பெயரை மட்டும் வைத்து எந்தப் புயல் என்று சொல்ல முடியாது. எந்த ஆண்டு, எந்தக் கடல் என்பதும் சேர்ந்தால்தான் அடையாளம் முழுமையாகும். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

2019-இல் பபுக் வந்துபோனது. 2024 டிசம்பரிலும் பபுக் என்றார்கள். போன புயல் திரும்பி வந்ததா?

இல்லை. கலைந்துபோன புயல் ஐந்து வருடம் கழித்துத் திரும்பாது. திரும்பியது பெயர் மட்டும்தான்.

பபுக் என்பது லாவோஸ் கொடுத்த பெயர். மேக்கோங் ஆற்றில் வாழும் ராட்சதக் கெளுத்தி மீனைக் குறிக்கும். அந்தப் பெயரில் இதுவரை ஐந்து புயல்கள் வந்துவிட்டன. 2001 ஆகஸ்டில் வந்தது ஜப்பானைத் தாக்கியது. 2007-இல் வந்தது தைவானின் தென்முனையைத் தொட்டுக்கொண்டு ஹாங்காங் பக்கம் போனது. 2013-இல் வந்தது ஜப்பானுக்குக் கிழக்கே கடலோடு முடிந்தது. நான்காவதுதான் நமக்கு நினைவிருக்கும் 2019-ஆம் ஆண்டுப் பபுக். ஐந்தாவது, 2024 டிசம்பர் கடைசியில் தென் சீனக் கடலில் வலுவில்லாமல் வந்து அடங்கியது.

நான்காவதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். அது 2019 ஜனவரி 1-ஆம் தேதியே பெயர் பெறும் அளவுக்கு வலுத்தது. மேற்குப் பசிபிக் பதிவுகளில் ஓர் ஆண்டில் அவ்வளவு சீக்கிரம் உருவான புயல் அதற்கு முன் இல்லை. 1979-இன் ஆலிஸ்தான் அதுவரை முதலிடத்தில் இருந்தது. கிளந்தான், திரெங்கானு கரைகளில் கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை விடப்பட்டது. ஜனவரி 4-ஆம் தேதி தென் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட் மாநிலத்தில், பாக் பனாங் என்ற இடத்தில் கரையேறியது. 1962 அக்டோபரில் ஹாரியட் என்ற புயல் ஏறத்தாழ 900 பேரைக் கொன்ற தலும்புக் முனையும் அதே பாக் பனாங்கில்தான் இருக்கிறது. அந்த நினைவு இருந்ததால் தாய்லாந்து அதிகாரிகள் ஆயிரக்கணக்கான மக்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள்.

கரையேறிய பபுக் நிலத்தைக் குறுக்கே கடந்து அந்தமான் கடலில் இறங்கியது. அங்கிருந்து அது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பொறுப்பு. ஆனாலும் அவர்கள் புதுப்பெயர் வைக்கவில்லை. உயிரோடு எல்லை தாண்டி வரும் புயலுக்குப் பழைய பெயரே தொடர வேண்டும் என்பது விதி.

பெயர்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன? புதிது புதிதாக வைத்தால் என்ன?

மேற்குப் பசிபிக்கிலும் தென் சீனக் கடலிலும் ஆண்டுக்குச் சராசரியாக 25 புயல்களுக்குப் பெயர் தேவைப்படுகிறது. இந்தக் கடல்களுக்கான புயல் குழு (Typhoon Committee) என்ற அமைப்பின் 14 உறுப்பினர்கள் ஆளுக்குப் பத்துப் பெயர் கொடுத்து, மொத்தம் 140 பெயர்கள் கொண்ட பட்டியல் 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் பயன்பாட்டில் இருக்கிறது. வரிசையாகச் சூட்டிக்கொண்டே போனால் ஐந்தாறு ஆண்டுகளில் பட்டியல் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் முதலிலிருந்து தொடங்குவார்கள். பபுக்கின் ஆண்டுகளைப் பாருங்கள்: 2001, 2007, 2013, 2019, 2024. இடைவெளி சொல்லிவைத்த மாதிரி இருக்கும்.

பெயரைச் சூட்டுவது ஜப்பான் வானிலை முகமையின் தோக்கியோ மையம். பத்து நிமிடச் சராசரிக் காற்று மணிக்கு ஏறத்தாழ 63 கிலோமீட்டரை எட்டினால் பெயர் உண்டு, எட்டாவிட்டால் கிடையாது. இந்த விதி பினாங்குக்கு எவ்வளவு முக்கியம் என்பது கீழே 2017 வெள்ளம் பற்றிய பதிலில் வரும்.

மலேசியா கொடுத்த பெயர்கள் எவை?

இப்போது பட்டியலில் உள்ளவை: ஜெலாவாட், புலாசான், செப்பாட், தாப்பா, நூரி, நங்கா, செம்பாகா, ஞாத்தோ, மெர்போக், மாவார். மீன், பழம், பறவை, மரம், பூ என எல்லாமே நாம் சந்தையிலும் தோட்டத்திலும் பார்ப்பவைதான். நங்கா பலாப்பழம், செம்பாகா செண்பகப்பூ, மாவார் ரோஜா.

இந்தப் பத்தில் நான்கு பின்னால் வந்து சேர்ந்தவை. 2002-இல் ரூசா தென் கொரியாவில் பெருஞ்சேதம் விளைவித்ததால் அதன் இடத்தில் நூரி வந்தது. 2015-இல் மெலோர் பிலிப்பீன்ஸில் சேதம் விளைவித்ததால் அந்தப் பெயர் நீக்கப்பட்டு செம்பாகா வந்தது. 2016-இல் மெராந்தி புயல் பிலிப்பீன்ஸின் பத்தானெஸ் தீவுகளையும் சீனாவின் சியாமென் நகரத்தையும் அடித்தது. அதன் இடத்தில் ஞாத்தோ. 2018-இல் ரும்பியா கிழக்குச் சீனாவில் பெருவெள்ளம் கொண்டுவந்தது. அதன் இடத்தில் புலாசான்.

ஒரே பெயர் என்றால் ஒரே அளவு வலு இருக்குமா?

இருக்காது. பெயருக்கும் வலுவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெயர் வரிசைப்படி வருகிறது; வலுவைத் தீர்மானிப்பது கடலின் வெப்பமும் மேல் காற்றும்.

நம் மாவாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இன் மாவார் ஜப்பானின் சீபா பகுதியில் கரையேறியது. 2017-இன் மாவார் சீனாவின் குவாங்டோங் கரையில் பலவீனமாகவே ஏறியது. 2023 மே மாதத்து மாவார் குவாம் தீவின் வடமுனையை ஒட்டிக் கடந்து, 2002-இன் பொங்சோனாவுக்குப் பிறகு அந்தத் தீவு காணாத சேதத்தை உண்டாக்கியது. 2017-ஐ நினைவில் வைத்து 2023-ஐ எடைபோட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? “அந்தப் பெயர்தானே, போன தடவை ஒன்றும் ஆகவில்லையே” என்று யாராவது சொன்னால் தயவுசெய்து உடனே மறுத்துச் சொல்லுங்கள். இந்த நினைப்பு உயிரோடு விளையாடும் நினைப்பு.

பினாங்கு எந்தப் பட்டியலில் வருகிறது?

உலகின் புயல் கடல்களைப் பங்கிட்டு ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு பகுதி கொடுத்திருக்கிறார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புதுடெல்லி மையத்தின் பகுதி கிழக்கே 100 டிகிரி தீர்க்கரேகையோடு முடிகிறது. தோக்கியோ மையத்தின் பகுதி அங்கேதான் தொடங்குகிறது. ஜார்ஜ் டவுன் இருப்பது 100.3 டிகிரியில். தெலுக் பகாங்குக்கு மேற்கே மூக்கா ஹெட் முனையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் மேற்கே கடலில் போனால் அந்தக் கோடு. லங்காவி கோட்டுக்கு அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம்.

இரண்டு பக்கத்துக்கும் விதிகள் நேர் எதிர். தோக்கியோ பக்கம் பெயர்கள் சுழன்று வரும். டெல்லி பக்கம் ஒருமுறை வைத்த பெயர் மறுபடி வராது. அதனால்தான் நம் வீடுகளில் இந்தக் குழப்பம் மற்ற ஊர்களைவிட அதிகம். ஊரில் உள்ள உறவினருக்குக் ‘கஜா’ என்றால் ஒரே கஜாதான். நமக்குப் ‘பபுக்’ என்றால் எந்தப் பபுக் என்று கேட்டே ஆக வேண்டும்.

அப்படியானால் சென்யார் யார் வைத்த பெயர்? மறுபடி வருமா?

ஐக்கிய அரபு அமீரகம் பட்டியலில் கொடுத்த பெயர். 2025 நவம்பர் 26-ஆம் தேதி அந்தப் புயல் உருவான இடம் 100 டிகிரிக்கு மேற்கே இருந்ததால் இந்திய வானிலை ஆய்வுத் துறை பெயர் சூட்டியது. அவர்களின் அறிக்கைகளில் புயல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்ல ஜார்ஜ் டவுனும் ஓர் அளவுப்புள்ளியாக வந்தது. அவ்வளவு அருகில் ஒரு புயல் பிறந்தது. சென்யாரும் அதையொட்டிய பெருமழையும் சுமத்ராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின.

அந்தப் பெயர் இனி வராது. வடஇந்தியப் பெருங்கடலுக்கு 13 நாடுகள் தலா 13 பெயர் கொடுத்து, 169 பெயர்கள் கொண்ட பட்டியலை 2020 ஏப்ரலில் வெளியிட்டார்கள். அங்கே ஆண்டுக்கு ஐந்து போலத்தான் பெயர் செலவாகிறது என்பதால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாங்கும். சென்யார் வந்த அதே வாரத்தில் இலங்கையைப் புரட்டிப்போட்ட டித்வாவுக்கு ஏமன் பெயர் கொடுத்திருந்தது. அதோடு, நாட்டுக்கு ஒரு பெயர் வீதம் அமைந்த வரிசைகளில் முதல் இரண்டு முடிந்தன. மூன்றாம் வரிசையில் வங்கதேசத்தின் ‘அர்ணாப்’, அதையடுத்து இந்தியாவின் ‘முரசு’. ஆம், நம் தமிழ் முரசேதான். பின்னால் ஒரு வரிசையில் ‘நீர்’ என்ற பெயரும் இருக்கிறது.

அந்த 13 நாடுகளில் மலேசியா இல்லை. தாய்லாந்து மட்டும் இரண்டு பட்டியலிலும் இருக்கிறது, அதற்கு இரண்டு கடலும் உண்டு என்பதால்.

நிஷா, தானே, வர்தா, கஜா இவற்றில் எதுவும் திரும்ப வராதா?

வங்கக் கடலில் வராது. ஆனால் உலகத்தில் வேறு கடலில் அதே பெயர் இருந்திருக்கலாம்.

நிஷாவே நல்ல சான்று. 2008 நவம்பர் 27-இல் காரைக்கால் அருகே கரையேறிய நிஷாவை டெல்டாக்காரர்கள் மறக்க மாட்டார்கள். தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம்மில் பலருக்கு ஒரத்தநாடு, மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் உறவு இருக்கும். அந்த வாரம் தொலைபேசி கிடைக்காமல் தவித்தவர்கள் இங்கே உண்டு. ஆனால் 1983-இலேயே தென் பசிபிக்கில் நிஷா என்ற பெயரில் ஒரு புயல் பிரெஞ்சு பாலினேசியத் தீவுகளைத் தாக்கியிருந்தது. 2010 ஜனவரியில் அதே தென் பசிபிக்கில் இன்னொரு நிஷா வந்தது. மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை.

2020-இல் புதுப்பட்டியல் போட்டபோது, உலகின் வேறெந்த மையத்தின் பட்டியலிலும் உள்ள பெயரைக் கொடுக்கக்கூடாது என்று விதி வைத்தார்கள். இனிமேல் இப்படிப்பட்ட மோதல் குறையும்.

ஒரே ஆண்டிலேயே ஒரே பெயரில் இரண்டு புயல் வந்ததுண்டா?

உண்டு. அதில் ஒன்று நமக்கு ரொம்பவும் அருகில் நடந்தது.

1997 செப்டம்பரில் கிழக்குப் பசிபிக்கில், மெக்சிகோவுக்கு அப்பால், லிண்டா என்ற ஹரிக்கேன் உருவானது. அந்தக் கடலில் அதுவரை பதிவானவற்றில் அதுவே மிக வலுவானது. 2015-இல் பத்ரீசியா வரும்வரை அந்த இடம் அதற்கே. ஆனால் அது கரையைத் தொடாமல் கடலிலேயே கலைந்தது. இரண்டு மாதம்கூட முடியவில்லை, நவம்பர் தொடக்கத்தில் தென் சீனக் கடலில் இன்னொரு லிண்டா. காற்றின் வேகத்தில் முதல் லிண்டாவுக்குப் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் வியட்நாமின் தென்கோடியான கா மாவ் முனையைக் கடந்தபோது கடலில் இருந்த மீன்பிடிப் படகுகளை வாரிக்கொண்டது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 3,000-க்கும் மேல். பெரும்பாலோர் மீனவர்கள். பிறகு தாய்லாந்து வளைகுடாவைக் கடந்து, தாய் நிலத்தைத் தாண்டி, அந்தமான் கடலுக்குள் அதே பெயரோடு போனது.

இணையத்தில் ‘லிண்டா 1997’ என்று தேடினால் இரண்டும் கலந்து வரும். இங்கே ஆண்டு மட்டும் போதாது, கடலையும் சேர்த்துச் சொன்னால்தான் வேறுபடும். காரணம் எளிது: அந்தக் காலத்தில் மேற்குப் பசிபிக்குக்கு அமெரிக்கக் கடற்படையின் மையம் ஆங்கிலப் பெயர்களைச் சூட்டிவந்தது. கிழக்குப் பசிபிக்குக்கும் அட்லாண்டிக்குக்கும் தனித்தனி ஆங்கிலப் பெயர்ப் பட்டியல்கள். மூன்றிலும் பெயர்கள் மோதாமல் இருக்க வழியில்லை. 1984 செப்டம்பரில் பிலிப்பீன்ஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது ஐக். 2008-இல் அமெரிக்காவின் டெக்சஸ் கரையை அடித்ததும் ஐக். 2000-இல் ஆசியப் பெயர்கள் வந்தபின் இந்தச் சிக்கல் நம் பக்கம் பெருமளவு தீர்ந்தது.

ஒரே கடலில், ஒரே ஆண்டில் நடந்ததும் உண்டு. அட்லாண்டிக்கில் 1954 ஜூனில் ஓர் ஆலிஸ் வந்து ரியோ கிராண்டே ஆற்றில் வெள்ளம் கொண்டுவந்தது. டிசம்பர் 30-ஆம் தேதி இன்னொன்று உருவானது. அதைப் புயல் என்று கண்டுகொண்டது 1955 ஜனவரி பிறந்த பிறகு. புத்தாண்டுப் பட்டியலின் முதல் பெயரும் ஆலிஸ்தான், ஏனென்றால் அப்போது அட்லாண்டிக்கில் ஆண்டுதோறும் ஒரே பட்டியலைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறந்த தேதிப்படி பார்த்தால் 1954-க்கு இரண்டு ஆலிஸ்.

இதற்கு நேர்மாறாக, ஒரே புயலுக்குப் பல பெயர் உண்டா?

உண்டு. கலைந்துபோன எச்சம் வேறிடத்தில் மறுபடி வலுத்தால் புதுப்பெயர் வைப்பார்கள். 2021 செப்டம்பரில் ஆந்திரக் கரையில் ஏறிய குலாப், இந்தியாவைக் கடந்து அரபிக் கடலில் ஷாஹீனாக எழுந்து ஓமானைத் தாக்கியது. 1998 தொடக்கத்தில் ஆஸ்திரேலியப் பக்கம் உருவான ஒரு புயல் காத்ரீனா, விக்டர், சிண்டி என மூன்று பெயரில் மேற்கே பயணம் செய்தது.

பிலிப்பீன்ஸ் கதை தனி. அவர்கள் தங்கள் மக்களுக்காக உள்நாட்டுப் பெயரும் வைப்பார்கள். 2013 நவம்பரில் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற ஹையான் அவர்களுக்கு யோலாந்தா. உங்களோடு வேலை செய்யும் பிலிப்பீன்ஸ்காரர் யோலாந்தா என்றால் அதே துயரத்தைத்தான் சொல்கிறார்.

ஒரு பெயரை எப்போது நிரந்தரமாக நீக்குவார்கள்?

பேரழிவு ஏற்படுத்தினால். பாதிக்கப்பட்ட உறுப்பினர் ஆண்டுக் கூட்டத்தில் கேட்பார். பெயரைக் கொடுத்தவரே புதுப்பெயர் தருவார். ஹையான் அப்படித்தான் போனது. அட்லாண்டிக்கில் 2005-க்குப் பிறகு காத்ரீனா போய்க் காத்தியா வந்தது.

நம் நாட்டுக்குச் சம்பந்தப்பட்டது வாமெய். மக்காவ் கொடுத்த பெயர், ஒரு பாடும் பறவையுடையது. 2001 டிசம்பர் 27-ஆம் தேதி நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரிக்குள் உருவாகி ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் பூமிச் சுழற்சியின் விசை மிகக் குறைவு. காற்று சுழன்று புயலாவது அரிதிலும் அரிது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் ஐந்து பேர் இறந்தார்கள். பெயர் ஒரே தடவையோடு நீக்கப்பட்டு பெய்ப்பா வந்தது.

2017 நவம்பரில் பினாங்கை மூழ்கடித்தது டாம்ரேதானே?

பலரும் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது சரியல்ல.

நவம்பர் 4 சனிக்கிழமை பிற்பகல் தொடங்கிய மழை இரவெல்லாம் ஓயவில்லை. விடிவதற்குள் தீவிலும் செபராங் பிறையிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, மரங்கள் சாய்ந்தன, ராணுவ உதவி கேட்கப்பட்டது, ஏழு பேர் இறந்தார்கள். அதே நவம்பர் 4-இல் கம்போடியா பெயர் கொடுத்த டாம்ரே புயல் வியட்நாமின் கான் ஹோவா மாநிலத்தில் கரையேறிக்கொண்டிருந்தது. செய்தியில் அந்தப் பெயர் ஓடியதால் நம் வெள்ளத்துக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. உண்மையில் நம்மை அடித்தது தாய்லாந்து வளைகுடா வழியாக வந்த வேறொரு தாழ்வு மண்டலம். அது மணிக்கு 63 கிலோமீட்டர் என்ற வரம்பை எட்டவே இல்லை. அதனால் அதற்குப் பெயரே கிடையாது.

பினாங்கின் நினைவில் உள்ள மிக மோசமான வெள்ளங்களில் ஒன்றைக் கொண்டுவந்தது பெயரில்லாத ஒன்று. “பெயர் வைக்கவில்லையாம், பயப்பட வேண்டாம்” என்று இனி யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பெயர் வைக்கும் வழக்கம் வருவதற்கு முன் எப்படி அடையாளம் சொன்னார்கள்?

இடத்தையும் ஆண்டையும் வைத்து. 1964 டிசம்பரின் தனுஷ்கோடிப் புயல் என்றால் இன்றும் யாருக்கும் சந்தேகம் வராது. வடஇந்தியப் பெருங்கடலில் பெயர் சூட்டத் தொடங்கியது 2004-இல்தான். முதல் பெயர் ஓனில்.

புலனத்தில் வரும் காணொளி இந்தப் புயலுடையதா, பழையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், செய்தியில் ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பெயர் மட்டும் இருந்தால் அனுப்பாதீர்கள். இரண்டாவது, ஜப்பான் மையம் ஒவ்வொரு புயலுக்கும் நான்கு இலக்க எண் தருகிறது. முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு வரிசை. 2019-இன் பபுக் 1901. 2013-இன் ஹையான் 1330. பெயர் சுழலும், எண் சுழலாது. மூன்றாவது, படத்தில் உள்ள கடைப்பலகையும் வாகன எண்ணும் எந்த நாட்டுடையவை என்று பாருங்கள். குவாம் தெருவை பாயான் லெப்பாஸ் என்று நம்பிப் பெரியவர்கள் பதறுவதை இது ஒன்றே தடுத்துவிடும். அனுப்பியது சித்தப்பாவோ மாமாவோ என்றால், குழுவில் வைத்துத் திருத்தாமல் தனியாகச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்கள்.

புயல் செய்தி வந்தால் இங்கே எதைப் பார்க்க வேண்டும்?

மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் இணையத்தளம் அல்லது அவர்களின் மைசுவாச்சா செயலி. தொடர்மழைக்கு மூன்று படிநிலை எச்சரிக்கை உண்டு: மஞ்சள் ‘வாஸ்பாடா’, ஆரஞ்சு ‘பூரோக்’, சிவப்பு ‘பஹாயா’. புயலுக்குப் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த நிறம் உங்கள் மாவட்டத்துக்கு வந்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பத்து மாவுங், கோலா மூடா பக்கம் படகில் போகிறவர்கள் பலத்த காற்று, கடல் கொந்தளிப்பு எச்சரிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதில் மலாக்கா நீரிணையின் வடபகுதி தனியாகக் குறிப்பிடப்படும்.